கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: உள்ளே ஓடுறது இன்னொரு ஓ.எஸ்., சிப் என்னவோ அதே சிப்தான்

போன இதழ்ல விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமா வி.எம்.) பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், விண்டோஸுக்குள்ளயே லினக்ஸை ஒரு ஜன்னல்ல ஓட்டலாம், டூயல் பூட் (ரெண்டு ஓ.எஸ். போட்டு ஆன் பண்ணும்போது ஒண்ணைத் தேர்ந்தெடுக்கறது) தேவையில்லைன்னு. அதைப் படிச்சுட்டு பெங்களூர்ல இருந்து வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ‘எனக்கு ஓடலையே’ ரகம். அதனால இந்த வாரம் முழுக்க அதுதான். பெயர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பெயரும் போடலை.

கேள்வி: சார், கே.ஆர். புரம் பக்கம் ஒரு காலேஜ்ல இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்கிறேன். செக்யூரிட்டி லேபுக்கு வீட்டு லேப்டாப்ல விர்ச்சுவல்பாக்ஸ்ங்கிற வி.எம். சாஃப்ட்வேர் போட்டு காளி லினக்ஸ் ஓட்டச் சொல்லியிருக்காங்க. ஸ்டார்ட் குடுத்தா ‘வி.டி.-எக்ஸ் பயாஸ்ல டிசேபிள் ஆகியிருக்கு’ன்னு எரர் வருது. ஃப்ரெண்டு ‘இது பழசு, புதுசு வாங்கிடு’ங்கிறா. ஐ5 ஏழாவது ஜெனரேஷன், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அப்பாகிட்ட கேக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கிறேன்.

பதில்: அப்பாகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் கேக்காதீங்கம்மா. உங்க சிப்ல அந்த வசதி இருக்கு, பூட்டி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். லேப்டாப்பை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணும்போதே எஃப்2 இல்லைன்னா எஃப்10 தட்டிக்கிட்டே இருங்க (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்), பயாஸ் (ஓ.எஸ். வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) உள்ள போய் ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ன்னு ஒரு வரியைத் தேடி எனேபிள் பண்ணி சேவ் பண்ணுங்க. ஏஎம்டி லேப்டாப்னா அதே விஷயம் ‘எஸ்விஎம் மோட்’ங்கிற பேர்ல இருக்கும், ரொம்ப பழைய இன்டெல் போர்டுல ‘வாண்டர்பூல்’னு கூட பார்க்கலாம். அப்புறம் விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கம் போனா கீழ ‘விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ன்னு காட்டணும்.

இதை ஏன் விண்டோஸ்ல இருந்தே ஒரு கிளிக்ல பண்ண விடமாட்டேங்கிறாங்கன்னு நிறைய பேர் கேக்கறாங்க. விஷயம் என்னன்னா, ப்ராசஸருக்குள்ள இதுக்குன்னு ஒரு ரெஜிஸ்டர் இருக்கு, கம்ப்யூட்டர் ஆன் ஆகிற நேரத்துல பயாஸ் அதுல ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ன்னு எழுதிட்டு கூடவே ஒரு லாக் பிட்டையும் போட்டுடும். ஒரு தடவை லாக் விழுந்துட்டா மெஷின் ரீசெட் ஆகிற வரைக்கும் விண்டோஸ் இல்லை, எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் மாத்த முடியாது. அதனாலதான் நெட்ல ‘இந்த டூலைப் போடு, பயாஸ் போகாமலே எனேபிள் ஆயிடும்’னு வர்றதையெல்லாம் நம்பாதீங்க.

சரி, இந்த வி.டி.-எக்ஸ் எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்த பாதி கேள்விக்கும் பதில் கிடைச்சுடும். 1974-லயே போபெக், கோல்ட்பெர்க்னு ரெண்டு பேர் ஒரு பேப்பர்ல எழுதிட்டாங்க, ஒரு சிப் மேல இன்னொரு ஓ.எஸ்.ஸை ஒழுங்கா ஓட்டணும்னா மெஷினோட நிலைமையைத் தொடுற ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனும், உள்ள இருக்கிற கெஸ்ட் ஓ.எஸ். போடும்போது மாட்டணும், மாட்டி மேல இருக்கிற மேற்பார்வை சாஃப்ட்வேர்கிட்ட வந்து நிக்கணும்னு. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்ல அப்பவே இது நடந்துக்கிட்டு இருந்தது, வி.எம்/370-ஐ 1972-லயே அறிவிச்சாச்சு. நம்ம பிசி வழி வந்த எக்ஸ்86 சிப்தான் தகராறு. பெண்டியம்ல மொத்தம் 17 இன்ஸ்ட்ரக்‌ஷன் இப்படி மாட்டாம நழுவுதுன்னு 2000-ல எண்ணிச் சொன்னாங்க. ‘பாப்எஃப்’னு ஒண்ணு இருக்கு பாருங்க, கெஸ்ட் ஓ.எஸ். அதை வெச்சு ‘இன்டரப்ட்டை நிறுத்து’ன்னு சொல்லும், தனக்கு அந்த அதிகாரம் இல்லாத இடத்துல நின்னு சொல்றதால சிப் எரர் குடுக்கணும் இல்லையா, குடுக்காது, சத்தமில்லாம விட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். கெஸ்ட் என்னமோ இன்டரப்ட் நின்னுடுச்சுன்னு நம்பி மேல ஓடும், எங்கயோ போய் விழும்.

விஎம்வேர் 1999-ல பிசிக்கு முதல் ப்ராடக்ட் கொண்டு வந்தப்போ இதைச் சுத்திப் போனாங்க, கெஸ்ட் கெர்னல் (ஓ.எஸ்.ஸோட மையப் பகுதி) கோடை ஓடஓட படிச்சு வில்லங்கமான இன்ஸ்ட்ரக்‌ஷனையெல்லாம் மாத்தி எழுதி ஓட்டினாங்க, அசாத்தியமான வேலை. அப்புறம் இன்டெல் 2005 நவம்பர்ல பெண்டியம் 4-ல 662, 672-னு ரெண்டு மாடல்ல, ஏஎம்டி 2006-ல, சிப்லயே கெஸ்டுக்குன்னு தனி மோட் வெச்சுட்டாங்க. அதுதான் வி.டி.-எக்ஸ், எஸ்விஎம் எல்லாம். விர்ச்சுவல்பாக்ஸ் 2019 டிசம்பர்ல வந்த 6.1-ல பழைய மாத்தி எழுதற முறையையே தூக்கிட்டாங்க, அதனால இப்போ அந்த ஸ்விட்ச் ஆன் ஆகாம உங்களுக்கு எதுவுமே ஓடாது.

ஸ்விட்ச் போட்டாச்சு, காளி ஓடும். ஆனா நீங்க அடுத்து எழுதப்போற கடிதம் ‘ஓடுது சார், ஆனா நகர மாட்டேங்குது’ன்னுதான் இருக்கும், அதையும் இப்பவே பார்த்துடுவோம். 8 ஜிபியில விண்டோஸும் குரோமும் சேர்ந்து எப்படியும் நாலு ஜிபியை எடுத்துக்கும். காளிக்கு குறைஞ்சது 2 ஜிபி ரேம், 20 ஜிபி டிஸ்க்னு அவங்களே சொல்றாங்க, நீங்க மூணு வரைக்கும் குடுக்கலாம், அதுக்கு மேல போகாதீங்க. வி.எம்.முக்கு 6 ஜிபி குடுத்தா அது வேகமா ஓடும்னு நினைக்கிறீங்க, நடக்கிறது என்னன்னா விண்டோஸ் மூச்சு முட்டி தன் மெமரியை டிஸ்க்ல தள்ளிவிட ஆரம்பிக்கும், அங்க உங்க ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துற வகைன்னா பாதி சுத்துக்கே 5.5 மில்லிசெகண்ட் ஆகும், அது போக ஹெட் நகர்ற நேரம் வேற, ஆக செகண்டுக்கு நூறு தடவை கூட வெவ்வேற இடத்துல போய் படிக்க முடியாது. அதுல ரெண்டு ஓ.எஸ். ஆளுக்கொரு பக்கம் இழுத்தா என்ன ஆகும்?

அதனால காசு செலவு பண்றதா இருந்தா முதல்ல ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி., ரெண்டாவது இன்னொரு ரேம் ஸ்லாட் காலியா இருந்தா ஒரு 8 ஜிபி ஸ்டிக், எஸ்.பி. ரோட்டுல லேப்டாப்பைக் கையோட கொண்டு போனா திறந்து பார்த்து அங்கயே மாத்திக் குடுத்துடுவாங்க. ரேம் போர்டுலயே சால்டர் பண்ணியிருந்தா எஸ்.எஸ்.டி.யோட நிறுத்திக்கங்க. ப்ராசஸர்ல, உங்க மாடல் பெயர் யு-ன்னு முடிஞ்சா அது ரெண்டு கோர், நாலு த்ரெட்தான். காளிக்கு ரெண்டு குடுங்க போதும், நாலையும் குடுத்தா ஹோஸ்ட், அதாவது வெளிய ஓடற விண்டோஸ், தவிக்கும்.

இன்னொண்ணு, இதை லேப்ல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வி.எம்.முக்குள்ள உங்க லேப்டாப்போட வைஃபை கார்டு வைஃபையாத் தெரியவே தெரியாது, வயர் நெட்வொர்க் மாதிரிதான் தெரியும். வைஃபை பாக்கெட் பிடிக்கிற பயிற்சி சிலபஸ்ல இருந்தா மானிட்டர் மோட் (சுத்தி ஓடுற பாக்கெட்டையெல்லாம் கேக்கிற வசதி) வர்ற ஒரு யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் வாங்கி அதை அப்படியே வி.எம்.முக்குள்ள விடணும், வேற வழி இல்லை.

கேள்வி: வணக்கம். எல்லாம் எனேபிள்தான், பயாஸ்லயும் பார்த்துட்டேன். போன மாசம் வரைக்கும் நல்லா ஓடின விர்ச்சுவல்பாக்ஸ், புது லேப்டாப்ல விண்டோஸ் 11-க்கு மாத்தினதும் ஆமை மாதிரி போகுது, கீழ ஓரத்துல நிஜமாவே ஒரு பச்சை ஆமை படம் வேற வருது. கிண்டல் பண்றாங்களா? (ஒயிட்ஃபீல்டு வாசகர்)

பதில்: கிண்டல் இல்லைங்க, அந்த ஆமைதான் உங்களுக்குப் பதில். உங்க விண்டோஸ் 11-ல ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்ட்டோட சொந்த வி.எம். சாஃப்ட்வேர்) ஏற்கனவே சிப்போட விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிடிச்சு உக்காந்திருக்கு. நீங்க ஹைப்பர்-வி போடவே இல்லையேம்பீங்க. ‘மெமரி இன்டெக்ரிட்டி’ன்னு ஒரு பாதுகாப்பு, புது மெஷின்ல தானாவே ஆன் ஆகி வரும், அது ஹைப்பர்-வி மேலதான் நிக்குது. டபிள்யூ.எஸ்.எல். 2 (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்ட மைக்ரோசாஃப்ட்டே குடுக்கிற வசதி), டாக்கர் டெஸ்க்டாப் போட்டிருந்தாலும் இதே கதை. அப்போ விர்ச்சுவல்பாக்ஸுக்கு நேரா சிப் கிடைக்காது, விண்டோஸ்கிட்ட கேட்டுக் கேட்டு வாங்கி ஓட்டும், அதைத்தான் ஆமை படம் போட்டு ஒத்துக்கிறாங்க.

விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, கோர் ஐசொலேஷன் போய் அதை ஆஃப் பண்ணி, விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல ஹைப்பர்-வி சம்பந்தப்பட்ட டிக்கையெல்லாம் எடுத்து ரீஸ்டார்ட் பண்ணா ஆமை போயிடும். ஆனா நெட் பேங்கிங் பண்ற மெஷின்ல நான் அதை ஆஃப் பண்ண மாட்டேன். லினக்ஸ் மட்டும்தான் வேணும்னா டபிள்யூ.எஸ்.எல். 2-வையே வெச்சுக்கங்க, விர்ச்சுவல்பாக்ஸே வேணாம். ஆபீஸ் லேப்டாப்னா ஐ.டி. டீம் இந்த செட்டிங்கை லாக் பண்ணி வெச்சிருப்பாங்க, அவங்ககிட்ட சண்டை போடாதீங்க.

கேள்வி: ஐயா, சிக்பேட்ல ஜவுளிக் கடை. அப்பா காலத்துல எழுதி வாங்கின ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம், டாஸ்ல ஓடுறது. ஜி.எஸ்.டி. பில்லுக்கு வேற சாஃப்ட்வேர் வந்தாச்சு, ஆனா ஸ்டாக்கும் ஊர்ப்பட்ட பழைய பாக்கிக் கணக்கும் இன்னும் அதுலதான். எக்ஸ்பி மெஷின் சாகக் கிடக்கு. புதுசா வாங்கின விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்ல போட்டா ‘இந்த ஆப் உங்க பிசியில ஓடாது’ங்குது. எழுதினவர் இப்போ இல்லை. வி.எம். போட்டா ஓடுமா? டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வேணும்.

பதில்: ஓடும் அண்ணாச்சி. இந்த வார கடிதத்துலயே எனக்குப் பிடிச்ச கேள்வி உங்களோடதுதான், ஏன்னா இங்க வி.எம். இல்லாம முடியாததை வி.எம். பண்ணிக் காட்டும்.

முதல்ல ஏன் ஓடலைன்னு. இதுக்கு மைக்ரோசாஃப்ட்டைத் திட்டி பாதிதான் பிரயோஜனம், மீதி சிப்லயே இருக்கு. 1985-ல வந்த இன்டெல் 386-ல ‘விர்ச்சுவல் 8086 மோட்’னு ஒண்ணு வெச்சாங்க, அதாவது பெரிய ஓ.எஸ். ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு பழைய டாஸ் புரோகிராமுக்கு ‘நீ தனியா ஒரு 8086 மெஷின்ல இருக்கே’ன்னு நம்ப வெச்சு ஓரமா ஓட்டிக்கலாம். உங்க எக்ஸ்பியில கறுப்பு ஜன்னல் திறந்து ஃபாக்ஸ்ப்ரோ ஓடினது முழுக்க இதை நம்பித்தான். அப்புறம் 2003-ல ஏஎம்டி 64-பிட்டைக் கொண்டு வந்தப்போ, 64-பிட் மோட்ல சிப் ஓடும்போது அந்த 8086 மோட் கிடையாதுன்னு வெட்டிட்டாங்க, இன்டெல்லும் அதே டிசைனைத்தான் எடுத்துக்கிச்சு. அதனால 64-பிட் விண்டோஸ் எதுலயும் அந்த டாஸ் வசதி வரலை. விண்டோஸ் 10 வரைக்கும் 32-பிட் பதிப்பு ஒண்ணு தனியா இருந்ததால சில பேர் தப்பிச்சாங்க. விண்டோஸ் 11-ல 32-பிட்டே இல்லை.

இப்போ வி.எம். எப்படி உதவும்? கெஸ்டுக்குள்ள நுழையும்போது சிப் தன்னோட மோடையே மாத்திக்கும். வெளிய விண்டோஸ் 11 64-பிட்ல ஓடிக்கிட்டு இருக்கும், உள்ள 32-பிட் எக்ஸ்பி ஓடற நேரத்துல அதே கோர் 32-பிட் சிப்பா நடந்துக்கும், 8086 மோடும் கூடவே திரும்பி வந்துடும். முதல்ல வந்த வி.டி.-எக்ஸ் சிப்ல இது கூட சுளுவா இல்லை, டாஸ் பூட் ஆகிற ரியல் மோடுக்குள்ள கெஸ்டை நேரா விட முடியாது, சாஃப்ட்வேர்ல ஜோடிச்சுத்தான் ஓட்டணும், 2010 வாக்குலதான் இன்டெல் அதைச் சரி பண்ணிச்சு. உங்களோடது புது மெஷின், கவலை வேணாம்.

ஆனா ரெண்டு வம்பு இருக்கு. ஒண்ணு, வி.எம்.ல கெஸ்டோட இன்ஸ்ட்ரக்‌ஷன் நேரா உங்க புது சிப்லதான் ஓடுது, முழு வேகத்துல. பழைய டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ ஸ்டார்ட் ஆகும்போது மெஷின் எவ்வளவு வேகம்னு ஒரு லூப் போட்டு அளந்து பார்க்கும், இப்போ இருக்கிற சிப் அதைக் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள முடிச்சுடறதால நேரம் பூஜ்யம்னு வந்து, பூஜ்யத்தால வகுத்து, ‘டிவைட்’ எரரோட நின்னுடும். டர்போ பாஸ்கல்ல எழுதின புரோகிராம்லயும் இதே வியாதி, ‘ரன்டைம் எரர் 200’னு வரும். ரெண்டுக்கும் பேட்ச் உண்டு, ஆனா எழுதினவர் இல்லாத புரோகிராம்ல கை வைக்கறதுக்கு யோசிக்கணும். ரெண்டாவது, டாஸுக்கு சும்மா இருக்கத் தெரியாது. நீங்க டீ குடிக்கப் போனாலும் ‘கீ அழுத்தினாரா, அழுத்தினாரா’ன்னு சுத்திக்கிட்டே இருக்கும், வி.எம்.முக்குக் குடுத்த கோர் முழுசா வேலை செஞ்சு ஃபேன் கத்தும்.

இந்த ரெண்டுக்கும் எமுலேட்டர் நல்ல மருந்து, அதுல நிஜ சிப்பை நேரா உபயோகிக்காம பழைய சிப் ஒண்ணை சாஃப்ட்வேர்லயே நடிக்க வைக்கிறாங்க. அதனால மெதுவா ஓடும், உங்களுக்கு அதுதான் வேணும், வேகத்தைக் குறைச்சு வெச்சுக்கலாம். டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு பிரபலம், ஆனா அது கேம் விளையாடறவங்களுக்காகப் பண்ணது, பிரிண்டர் பக்கம் எட்டிப் பார்க்காது. நீங்க விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் எடுத்துக்கங்க. விடாஸை இந்த மாதிரி ஆபீஸ் புரோகிராமுக்குன்னே எழுதியிருக்காங்க, புரோகிராம் எல்பிடி1-க்கு (பழைய பிரிண்டர் போர்ட்டோட பேர்) அனுப்பறதைப் பிடிச்சு விண்டோஸ் பிரிண்டருக்குத் தள்ளிடும். பிரிண்டர் கேபிள் விஷயத்துல ஏமாறாதீங்க, புது போர்டுல அந்த அகலமான பேரலல் போர்ட் இருக்காது, கடையில குடுக்கிற யு.எஸ்.பி. கன்வர்ட்டர் கேபிளைப் போட்டா அது யு.எஸ்.பி. பிரிண்டராத்தான் தெரியும், எல்பிடி1-ஆ வராது. அதனாலதான் விடாஸ் மாதிரி நடுவுல ஒண்ணு வேணும்ங்கிறேன்.

செய்ய வேண்டிய முறை இது. எக்ஸ்பி மெஷின் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்போதே அந்த ஃபோல்டரை முழுசா, டி.பி.எஃப். டேட்டா ஃபைல், இண்டெக்ஸ் ஃபைல் எல்லாம் சேர்த்து ரெண்டு பென் டிரைவ்ல எடுங்க. புது மெஷின்ல விடாஸ் போட்டு ஓட்டி, பாக்கி லிஸ்ட் மொத்தத் தொகையும் ஸ்டாக் மொத்தமும் பழைய மெஷின்ல வர்றதோட பைசா வரைக்கும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்து வரலைன்னாலோ, ரெண்டு மூணு பேர் நெட்வொர்க்ல ஒரே நேரத்துல உபயோகிக்கிறீங்கன்னாலோ மட்டும் எக்ஸ்பி வி.எம். பக்கம் போங்க, அதுக்கு 512 எம்பி ரேமும் ஒரு கோரும் தாராளம், இன்டர்நெட் மட்டும் கண்டிப்பா குடுக்காதீங்க. அந்தப் பழைய கம்ப்யூட்டரோட ஒட்டி வந்த எக்ஸ்பி லைசென்ஸ் அந்த மெஷினுக்கு மட்டும்தான்ங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

கேள்வி: வி.எம்.முக்குள்ள வி.எம். போடலாமா? எத்தனை அடுக்கு வரைக்கும் போகலாம்? (அல்சூர், பத்தாம் வகுப்பு)

பதில்: போடலாம் தம்பி, அதுக்கு நெஸ்டட்னு பேர், செட்டிங்ல தனியா ஆன் பண்ணணும். சிப் நிஜமா ஒரே ஒரு அடுக்குக்குத்தான் வசதி வெச்சிருக்கு, ரெண்டாவது அடுக்கு தொடுற ஒவ்வொண்ணுக்கும் முதல் அடுக்கு கிட்ட போயிட்டு வரணும், மூணாவதுல டைப் பண்ண எழுத்து வர்றதுக்குள்ள நீ ட்யூஷன் போயிட்டு வந்துடலாம்.

கேள்வி: ப்ரோ, கோரமங்களால பி.ஜி. லினக்ஸ்தான் மெயின். கேம் விளையாட மட்டும் விண்டோஸை வி.எம்.ல போட்டு கிராஃபிக்ஸ் கார்டை நேரா குடுக்கலாம்னு வீடியோல பார்த்தேன். எஸ்.பி. ரோட்டுல செகண்ட் ஹேண்ட் ஐ7-3770கே செட் ஒண்ணு எடுத்தேன், கே-ன்னா டாப் மாடல்னு. ஐ.ஓ.எம்.எம்.யு. இல்லைன்னே வருது, பயாஸ்லயும் அப்படி ஒரு ஆப்ஷனே காணோம்.

பதில்: காணாமத்தான் இருக்கும் ப்ரோ. கார்டை நேரா குடுக்க வி.டி.-எக்ஸ் மட்டும் பத்தாது, வி.டி.-டி-ன்னு இன்னொண்ணு வேணும். கிராஃபிக்ஸ் கார்டு ப்ராசஸரைக் கேக்காம தானே போய் ரேம்ல எழுதற ஜாதி. கெஸ்ட் அதுக்கு ‘இந்த அட்ரஸ்ல எழுது’ன்னு சொல்ற அட்ரஸ் கெஸ்டோட கற்பனை அட்ரஸ், நிஜ ரேம்ல அந்த இடத்துல உங்க லினக்ஸோட ஏதாவது இருக்கும். நடுவுல அந்த அட்ரஸை மாத்திக் குடுத்து, எல்லை தாண்டினா தடுக்கிறதுதான் ஐ.ஓ.எம்.எம்.யு. இதுல கொடுமை என்னன்னா சாதா 3770-ல வி.டி.-டி உண்டு, ஓவர்கிளாக் பண்றவங்களுக்குன்னு காசு கூட வாங்கின 3770கே-ல இன்டெல் அதை எடுத்துட்டாங்க. 2600கே, 4770கே எல்லாம் இதே கதைதான். 4790கே-ல திருப்பிக் குடுத்தாங்க.

கடைக்காரர் ஒத்துக்கிட்டா கே இல்லாத 3770-க்கு மாத்திக்கங்க, அதே சாக்கெட்தான், ஆனா போர்டு பயாஸ்லயும் வி.டி.-டி இருக்கணும், கடையிலயே ஆன் பண்ணி ஸ்க்ரீன்ல பார்த்துட்டு காசு குடுங்க. அதுக்கப்புறமும் ஐ.ஓ.எம்.எம்.யு. க்ரூப்னு ஒண்ணு இருக்கு, ஒரே க்ரூப்ல இருக்கிற டிவைஸ் எல்லாம் சேர்ந்துதான் கெஸ்டுக்குப் போகும், கிராஃபிக்ஸ் கார்டும் சாட்டா கன்ட்ரோலரும் ஒரே க்ரூப்ல மாட்டிக்கிட்ட போர்டுன்னா ஹோஸ்டோட ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துத் தாரை வார்க்கணும். என்விடியா ஜிஃபோர்ஸ் டிரைவர் வி.எம்.னு தெரிஞ்சா ‘கோட் 43’ போட்டு மல்லுக்கு நின்ன காலம் ஒண்ணு இருந்தது, 2021-ல அவங்களே விட்டுக் குடுத்துட்டாங்க. ஆனா சில ஆன்லைன் கேம்ல ஆன்டி-சீட் வி.எம்.மைக் கண்டாலே வெளிய தள்ளும். நீங்க விளையாடறது அந்த மாதிரி கேம்னா இவ்வளவு பாடு வேணாம், டூயல் பூட் போட்டுட்டு நிம்மதியா விளையாடுங்க.

கேள்வி: சார், ஜெயநகர்ல ஆடிட்டர் ஆபீஸ். எம்2 மேக்புக் ஏர், 8 ஜிபி வாங்கிட்டேன். பழைய இன்டெல் மேக்ல பேரலல்ஸ்ல ஓடிக்கிட்டு இருந்த விண்டோஸ் வி.எம். ஃபைலை அப்படியே காப்பி பண்ணி திறந்தா ஓடமாட்டேங்குது. டேலி வேணும், க்ளையன்ட்ஸோட டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வேணும்.

பதில்: மேடம், அந்த ஃபைலை மறந்துடுங்க. விர்ச்சுவலைசேஷன்னாலே கெஸ்டோட இன்ஸ்ட்ரக்‌ஷனை உங்க சிப் நேரா ஓட்டறதுதான், உங்க எம்2 பேசறது ஏ.ஆர்.எம்., அந்தப் பழைய விண்டோஸ் பேசறது எக்ஸ்86. 2020 நவம்பர்ல எம்1 வந்ததுல இருந்தே இதுதான் நிலைமை, மேக்ல விண்டோஸை நேரா பூட் பண்ற பூட் கேம்பும் அதோட போச்சு. எமுலேட் பண்ணி ஓட்ட யு.டி.எம். மாதிரி இலவசமா இருக்கு, எக்ஸ்பி காலத்து சின்ன புரோகிராமுக்கு ஓகே, மார்ச் மாசக் கடைசியில ரிட்டர்ன் போடற ஆபீஸுக்கு ஆகாது.

உங்களுக்கு வழி, ஏ.ஆர்.எம்.முக்கான விண்டோஸ் 11 ப்ரோ. பேரலல்ஸ்ல அதை ஓட்டறதுக்கு 2023 பிப்ரவரில மைக்ரோசாஃப்ட்டே அனுமதி குடுத்தாச்சு. அந்த விண்டோஸுக்குள்ள சாதாரண எக்ஸ்86 சாஃப்ட்வேரை விண்டோஸே மொழிமாத்தி ஓட்டிக்கும், அதனால டேலிக்கு வாய்ப்பு இருக்கு, வாங்கறதுக்கு முன்னாடி ட்ரையல்ல போட்டு உங்க கம்பெனி டேட்டாவைத் திறந்து பாருங்க.

மாட்டப்போறது டோக்கன்தான். புரோகிராமை மொழிமாத்தி ஓட்டற அந்த வசதி டிரைவருக்குக் கிடையாது. டிரைவர் கெர்னல்ல உக்கார்ற சமாச்சாரம், அது ஏ.ஆர்.எம்.முக்குன்னே எழுதினதா இருக்கணும். டோக்கன் பாக்ஸ்ல ‘விண்டோஸ் 11 சப்போர்ட்’னு போட்டிருக்கிறதை நம்பாதீங்க, ‘விண்டோஸ் ஏ.ஆர்.எம். டிரைவர் இருக்கா’ன்னு சப்ளையர்கிட்ட வாய்விட்டுக் கேளுங்க. மேக்குக்கே நேரா டிரைவர் குடுக்கிறவங்களும் இருக்காங்க, இருந்தா கையெழுத்து வேலையை மேக் பிரௌசர்லயே முடிச்சுட்டு டேலிக்கு மட்டும் வி.எம். வெச்சுக்கலாம். 8 ஜிபிதான் இடிக்குது, மேக்புக் ஏர்ல பின்னாடி ரேம் ஏத்த முடியாது, மூணு பேர் பி.ஜி. ரூம்ல அஞ்சு கட்டில் போட்ட மாதிரி இருக்கும். பழைய இன்டெல் மேக்கை இன்னும் எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கலைன்னா குடுக்காதீங்க, ஆபீஸ் மூலையில வெச்சு டேலிக்கும் டோக்கனுக்கும் அதையே ஓட்டுங்க.

கேள்வி: வீட்டுல லேபுக்காக ஆபீஸ்ல கழிச்சுக்கட்டின ஐ5 நாலாவது ஜெனரேஷன் மெஷின் ஒண்ணுல ப்ராக்ஸ்மாக்ஸ் 7 (வி.எம். ஓட்டறதுக்குன்னே இருக்கிற ஓ.எஸ்.) போட்டிருக்கேன். ராக்கி லினக்ஸ் 8 ஓடுது, 9 மட்டும் பூட் ஆகும்போதே ‘இந்த சிபியு எக்ஸ்86-64-வி2 சப்போர்ட் பண்ணலை’ன்னு கெர்னல் பேனிக். சிப் அவ்வளவு பழசா? (எலெக்ட்ரானிக் சிட்டி)

பதில்: சிப் பழசு இல்லை, உங்க வி.எம். பழசா வேஷம் போட்டிருக்கு. ப்ராக்ஸ்மாக்ஸ் 7-ல புது வி.எம். பண்ணா சிபியு டைப் ‘கேவிஎம்64’னு வரும், அது ரொம்ப பழைய ஒரு கற்பனை சிப். ஓடிக்கிட்டு இருக்கிற வி.எம்.மை ஒரு சர்வர்ல இருந்து இன்னொரு சர்வருக்கு நிறுத்தாம மாத்தும்போது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சிப் தெரியணும்னு, எல்லாருக்கும் பொதுவா இருக்கிற குறைஞ்சபட்சத்தை மட்டும் காட்டறாங்க. 2022-ல வந்த ரெட் ஹாட் லினக்ஸ் 9, அதை ஒட்டியே வர்ற ராக்கி 9, எஸ்.எஸ்.ஈ. 4.2 மாதிரி சில இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லாத சிப்ல ஓட மாட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க. உங்க நிஜ சிப்ல அது இருக்கு, வேஷத்துல இல்லை. வி.எம்.மை ஆஃப் பண்ணி ஹார்டுவேர், ப்ராசஸர், டைப் போய் ‘ஹோஸ்ட்’னு மாத்துங்க, பூட் ஆயிடும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8-ல டீஃபால்ட்டையே மாத்திட்டாங்க.

கடிதத்துக் கடைசியில, ஒரு கோர் 2 டுவோவும் சும்மா கிடக்கு, அதையும் இதுல சேர்த்துக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அதுல ‘ஹோஸ்ட்’ போட்டாலும் ராக்கி 9 வராது, ஏன்னா எஸ்.எஸ்.ஈ. 4.2 நிஜமாவே அந்த சிப்ல இல்லை, அதுக்கப்புறம் வந்த நெஹலம்ங்கிற இன்டெல் சிப் வரிசையிலதான் அது ஆரம்பிக்குது. அது போக கோர் 2 டுவோலயே சில மாடல்ல வி.டி.-எக்ஸ் இருக்கும், சிலதுல இருக்காது, மாடல் நம்பர் போட்டு இன்டெல் சைட்ல பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இருந்தா அதுல ராக்கி 8-ஐ ஓட்டுங்க, 2029 மே வரைக்கும் அப்டேட் வரும்.